ஊசி வந்த பின்னும் ஆத்தா

கோவையில் பிளேக் இல்லை. பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். நோயின் ஆங்கிலப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, எலுமிச்சை மாலையும் மஞ்சள் புடவையுமாக உட்கார்ந்திருக்கிறாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்களுக்கு பிளேக் பற்றிக் கவலை எதுவும் இல்லை. மகளுக்கு வரன், மகனுக்கு விசா, வங்கியில் நிற்கும் கடன், பரீட்சை என்று அவரவர் பாடு அவரவருக்கு. நோய் போய்விட்டது, நோய்க்கென்று வந்தவள் போகவில்லை. மதம் இனியும் தேவையா என்று யோசிக்கிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை நாம் பெரும்பாலும் பட்டிமன்றத்தில்தான் கேட்டிருக்கிறோம். மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். கடைசியில் நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவியலும் வேண்டும், ஆன்மிகமும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போவோம். அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அனுப்புவதற்காகச் சொல்லப்படுவது அது. எது எதற்கு வேண்டும், எங்கே வரும்போது வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்ற சிக்கலான பகுதியை அது தொடுவதே இல்லை.

1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக், மூட்டைகளோடும் பயணிகளோடும் தெற்கே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் நூற்றாண்டில் கோவையை அது விட்டு விட்டு வந்து அடித்தது. தானிய மண்டிகள், பஞ்சுக் கிடங்குகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் என்று எலிக்குத் தோதான ஊராக இருந்தது அன்றைய கோவை. கூரையிலிருந்து எலி செத்து விழுந்தால் அடுத்தது மனிதன் என்று சனங்களுக்குத் தெரிந்திருந்தது. எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு, சட்டிபானையோடு ஊருக்கு வெளியே காட்டில் சாளை போட்டுக்கொண்டார்கள். அலெக்சாண்டர் யெர்சின் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டது 1894இல். எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயை மனிதனுக்குக் கொண்டுவருகிறது என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதனை செய்து காட்டியது 1898இல். சிமோன் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்க இன்னும் பல வருடம் பிடித்தது. ஆனால் எலிக்கும் சாவுக்கும் சம்பந்தம் உண்டென்பது கூலிக்காரனுக்கும் தெரிந்த சங்கதி.

அப்படித் தெரிந்த அதே சனங்கள்தான் மாரியம்மனுக்குப் பிளேக் மாரியம்மன் என்று பெயரும் வைத்தார்கள். எலியைக் கண்டு ஓடத் தெரியாமல் சாமி கும்பிட்டவர்கள் அல்ல அவர்கள். ஓடினார்கள், கும்பிடவும் செய்தார்கள். அவர்களுடைய மனதில் இது ஒரு வேலைக்கு இரண்டு கருவி என்ற கணக்கில் இருந்ததாக எனக்குப் படவில்லை. ஓட வேண்டிய இடத்தில் ஓடினார்கள். ஓடியும் செத்துப்போன பிள்ளையைப் பற்றி யாரிடமாவது கேட்டாக வேண்டுமல்லவா, அதற்கு ஆள் வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஊர் மாறியது. நெரிசலான பழைய கோவைக்கு வெளியே அகலத் தெருக்களோடு ஆர்.எஸ்.புரம் எழுந்ததற்குப் பிளேக் பயமும் ஒரு காரணம். அந்தப் பெயருக்கு உரிய சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் நகராட்சித் தலைவராக இருந்தவர். சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தெரு விரிந்தது, நல்ல தண்ணீர் வந்தது, பின்னால் ஸ்டிரெப்டோமைசின் வந்தது. இவை மூன்றும் செய்த காரியத்தை எந்தப் பூசையும் செய்யவில்லை என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

2021 மே மாதம் இந்தப் பழைய கதைக்கு ஒரு புதிய அத்தியாயம் சேர்ந்தது. இருகூர்ப் பக்கம் இருக்கும் காமாட்சிபுரி ஆதீனத்தில் ‘கொரோனா தேவி’ என்று ஒரு கற்சிலையை வைத்தார்கள். 48 நாள் யாகம், பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பிளேக் மாரியம்மனைத்தான் முன்னுதாரணமாகச் சொன்னார்கள். நாடு முழுக்கத் தொலைக்காட்சிகள் அதைக் காட்டின, பாதி வேடிக்கையாக, பாதி ஏளனமாக. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்த மாதக் கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டிவிட்டது. மின்மயானத்தில் வரிசை, ஆக்சிஜன் படுக்கைக்கு வரிசை. தடுப்பூசிக்கு டோக்கன் வாங்க விடியும் முன்பே பள்ளிக்கூட வாசலில் வரிசை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சமயம் பிளேக் மாரியம்மனும் கொரோனா தேவியும் ஒன்று என்றும் ஒப்ப முடியவில்லை. முன்னவள் சாவு விழுந்த தெருக்களில் சனங்கள் பெயரிட்டுக் கூப்பிட்டவள். பின்னவள் ஒரு மடத்தின் முடிவாக, கேமராக்களுக்கு முன்னால் வந்தவள். அந்த மாதங்களில் உறவினரைப் பறிகொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இருகூர்த் தேவியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தங்கள் ஊர் மாகாளியாத்தாவைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். “உனக்கு எத்தனை வருசம் மாவிளக்கு எடுத்தேன், கண்ணு தெரியலையா உனக்கு” என்று ஒரு பெண் அலைபேசியில் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சாமியிடம் பாய்ந்தாள். அவள் இரண்டு தவணையும் ஊசி போட்டுக்கொண்டவள். கிருமி என்றால் என்ன, நுரையீரலில் அது என்ன செய்யும் என்று என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவள். பிணத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுத்த அந்த நாட்களில் மருத்துவமனையைத் திட்டலாம், அரசாங்கத்தைத் திட்டலாம், திட்டவும் செய்தோம். ஆனால் அந்தக் கோபம் முழுவதையும் வாங்கிக்கொள்ள அவர்களால் ஆகாது.

கொங்கில் மாரியாத்தாளோடு சனங்களுக்கு இருக்கும் உறவு, பள்ளிப் புத்தகத்தில் வரும் ‘கடவுள் நம்பிக்கை’ என்ற சொல்லில் அடங்குவதில்லை. அம்மை கண்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். படுத்திருக்கும் குழந்தையின் மேல் வேப்பங்கொத்தால் வருடிக்கொடுப்பார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியூர் விருந்தாளியை உள்ளே விடமாட்டார்கள். ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணி ஊற்றுவார்கள். வீட்டுக்குள் ஆத்தாளே வந்திருக்கிறாள் என்பதால் பேச்சுகூட அடக்கமாக இருக்கும். வந்தவளை மரியாதையாக நடத்தி, குளிர்வித்து, போய்வா என்று அனுப்பி வைப்பதுதான் மொத்தமும். அம்மை ஏன் வருகிறது என்ற கேள்விக்கான விடையாக இதைப் படித்தால் அபத்தம். அம்மை வந்த வீட்டில் மனிதர் எப்படி நடந்துகொள்வது என்ற முறையாகப் படித்தால் அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் உடனே கையைத் தூக்கும். வேப்பிலை கிருமிநாசினி, மஞ்சள் கிருமிநாசினி, விருந்தாளியை விடாதது தனிமைப்படுத்தல், நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல என்று தொடங்கும். வாட்ஸ்அப்பில் காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிற சரக்கு இது. மதத்துக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது என்பேன். ஆத்தாளைக் கும்பிட்டவர்கள் அவளைக் கிருமிநாசினியாகக் கும்பிடவில்லை. வேப்பிலையையும் மஞ்சளையும் வைத்து எந்தக் காலத்திலும் பெரியம்மையை நிறுத்த முடிந்ததில்லை. கண் போனவர்களும் முகம் முழுக்கத் தழும்பு விழுந்தவர்களும் புதைக்கப்பட்ட குழந்தைகளும்தான் அந்த மருந்தின் கணக்கு. அதை நிறுத்தியது ஊசி. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975 மே மாதம். உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது 1980இல்.

அந்த ஊசிக்குக் குறுக்கே ஆத்தாள் பெயர் நின்றதும் உண்மைதான். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகளைச் சோளக்காட்டுக்குள் ஒளித்து வைத்த கதையை என் அம்மாயி சிரித்துக்கொண்டே சொல்வார். “ஆத்தா கோவிச்சுக்குவான்னு பயம் சாமி. அப்பறம் எங்கப்பாரு புடிச்சுக் கொண்டுபோய் குத்த வெச்சுட்டாரு.” கையை நீட்டி, மேல்கையில் இருக்கும் வட்டத் தழும்பைக் காட்டுவார். அந்தக் கையாலேயே ஆடி மாதம் கூழ் ஊற்றுவார். ஊசி போட்டதற்காக ஆத்தா கோபித்துக்கொண்டாளா என்று கேட்டால், அவளுக்கு வேற வேலை இல்லையா என்பார். சாமியின் அதிகாரத்திலிருந்து ஒரு பெரிய பகுதி அந்தத் தழும்பின் வழியாகக் கழன்று போனது. அது அம்மாயிக்குத் தெரியும், அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

கொங்கில் கிணறு வறண்ட தோட்டத்துக்குப் போனால் இதே சங்கதி இன்னொரு உருவில் கிடைக்கும். ஆயிரம் அடிக்கும் கீழே போகிறார்கள் இப்போது. முதலில் மண்ணியல் படித்தவர் கம்பிகளை நட்டு, மின்சாரம் பாய்ச்சி, தடை எவ்வளவு என்று கருவியில் பார்த்து ஓர் இடம் குறிக்கிறார். பிறகு நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வரப்போரமாக நடக்கிறார், தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் காலால் ஒரு கோடு போடுகிறார். இரண்டு குறியும் ஒரே இடத்தில் விழுந்தால் தோட்டக்காரர் முகத்தில் வெளிச்சம். விழவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். பிறகு திருச்செங்கோட்டு போர் வண்டி வருகிறது. நாடு முழுக்க ஆழ்துளை போடும் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் அது. துளை போடும் இடத்தில் மஞ்சள் பிள்ளையார், கற்பூரம், எலுமிச்சை. அதன் பின் இரைச்சல். முதல் சில நூறு அடிக்கு வெறும் புகைதான். புகை என்றால் பாறை மாவு. நனைந்த மாவு வருகிறதா என்று குழாய் வாயையே பார்த்துக்கொண்டு குடும்பம் நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று பணம் ஓடிக்கொண்டிருக்கும்.

தேங்காய் எழுந்து நிற்பதற்கும் நிலத்தடி நீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முறையாகச் சோதித்த இடங்களில் நீரோட்டம் பார்க்கிறவர்கள் குருட்டாம்போக்கைவிடச் சிறப்பாகச் செய்ததற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. இதைச் சொன்னேன், ஒரு சொந்தக்காரரிடம். “தெரியுமுங்க மாப்ள. ஆனா அந்தக் கருவிக்காரர் சொன்ன எடத்துலயும் போன தடவ புகைதானுங்க வந்துச்சு. நாளைக்குத் தண்ணி வரலைன்னா, தேங்காயும் பாத்திருக்கலாம்னு வீட்டுல ஒரு பேச்சு வந்துருமில்லீங்க” என்றார். தண்ணீருக்காக அல்ல, தண்ணீர் வராமல் போகும் நாளுக்காக அவர் தேங்காய்க்காரருக்குப் பணம் கொடுக்கிறார். கடன் வாங்கிய பணத்தைப் பாறைக்குள் இறைக்கிறவனுக்கு அறிவியல் தருவது நிகழ்தகவு. அது நேர்மையானது, அதற்கு மேல் அதனிடம் கேட்கவும் கூடாது. ஆனால் நிகழ்தகவைத் தலைக்கு வைத்துக்கொண்டு ராத்திரி தூங்க முடிகிறவர்கள் குறைவு.

உலகத்தில் கோயில்கள், தேவாலயங்கள் காலியாகிற நாடுகளைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். சுவீடனிலும் டென்மார்க்கிலும் சனங்கள் டார்வினைப் படித்துவிட்டு மட்டும் தேவாலயத்தை விட்டு வெளியேறவில்லை. நோய் வந்தால் வீட்டை விற்க வேண்டியதில்லை, வேலை போனால் பட்டினி இல்லை, முதுமைக்குப் பென்ஷன் உண்டு என்று ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு ஆள் குறைந்தது. அமெரிக்கா அறிவியலில் அவர்களுக்கு இளைத்ததில்லை, ஆனால் அங்கே மருத்துவமனை பில் பயங்கரம், தேவாலயத்துக்குப் போகிறவர்களும் அவர்களைவிட அதிகம். பிப்பா நோரிஸ், ரொனால்ட் இங்கில்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004இல் ஏறக்குறைய இதையே விரிவாக எழுதினார்கள். நூல் விலை ஏறி இறங்குவதில் திருப்பூரில் ஒரு குடும்பம் ஒரே வருடத்தில் மேலேயும் போகும், தெருவுக்கும் வரும். அந்த ஊரில் சாமிக்குக் கூட்டம் குறைய வேண்டும் என்றால் இயற்பியல் பாடம் மட்டும் போதாது.

ஆகையால்தான் இந்த வட்டாரத்தில் இயந்திரமும் சாமியும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. ஜி.டி. நாயுடு 1920இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சி – பழனி தடத்தில். முருகனைப் பார்க்கப் போகிற சனங்கள் இருக்கும் தடம் அது. பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை 2008இல் சந்திரயான்-1ஐ நிலவுக்கு அனுப்பிய திட்டத்தின் இயக்குநர். ஆயுத பூசை அன்று பீளமேட்டுப் பட்டறைகளில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் கடையும் இயந்திரத்துக்கு விபூதிப் பட்டை போட்டுப் பொரிகடலை படைக்கிறார்கள். சந்தனம் பட்டுத் தொடுதிரை கெட்டுவிடக் கூடாதே என்று அதன் மேல் கவனமாக ஒரு பாலிதீன் உறையும் போடுகிறார்கள்.

மறுப்பவர்களும் இந்த மண்ணிலிருந்தே வந்தார்கள். பெரியார் ஈரோட்டுக்காரர். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லத் தொடங்கும் முன்பு அவர் ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து கோயில் கணக்கைச் சீர் செய்தவர். நகராட்சித் தலைவராகக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர். அதற்கும் முன்னால், ஈரோட்டைப் பிளேக் தாக்கி சனங்கள் ஊரைவிட்டு ஓடியபோது, தூக்க ஆளில்லாமல் கிடந்த பிணங்களைத் தன் தோளில் சுமந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோனவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ இதழும் பதிப்பகமும், பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர்கள் கையில்கூட மதத்தைக் கேள்வி கேட்கும் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பகத்சிங் சிறையில் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ கட்டுரையை ஜீவா 1930களின் நடுவில் தமிழாக்கியதும் அந்த வட்டத்துக்குள்தான்.

பெரியாரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் கவனம் போவது, அவர் இடித்ததைவிட அவர் மாற்றாக வைத்தவற்றின் மேல்தான். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம் என்றவர் கல்யாணமே வேண்டாமென்று விட்டுவிடவில்லை. மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தைக் கொடுத்தார். அதை 1967இல் அண்ணா அரசு சட்டமாக்கியது. சாவுக்குக் கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு வந்தது. சடங்கு இல்லாமல் மனிதனால் வாழ்க்கையின் பெரிய நாட்களைக் கடக்க முடியாது என்று அந்த இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது. பகுத்தறிவு வீட்டில் நடந்த ஒரு படத்திறப்புக்குப் போயிருக்கிறேன். நான்கு பேர் பேசினார்கள், ஐந்தாவது ஆள் உள்ளாட்சித் தேர்தலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். இறந்தவரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பாரி வைக்கவும் முடியாது அங்கே, அது கட்சி மேடை. கல்யாணத்துக்குப் பெரியார் கொடுத்த மாற்று நின்றுவிட்டது. துக்கத்துக்குக் கொடுத்தது அந்த அளவுக்கு வேர்விடவில்லை. பகுத்தறிவாளர்கள் என்னைக் கோபித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கோவையில் உட்கார்ந்துகொண்டு மதத்தின் ஆறுதலைப் பற்றி மட்டும் எழுதினால் அது பொய். 1997 நவம்பரில் ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14இல் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். அந்தக் குண்டுகளை வைத்தவர்களுக்கு மின்சுற்றும் தெரிந்திருந்தது, வேதியியலும் தெரிந்திருந்தது. அறிவியல் பரவினால் மதவெறி தானாக ஒழியும் என்ற நம்பிக்கை அந்தச் சனிக்கிழமையோடு எனக்கு முடிந்துபோனது. 2017 மார்ச்சில் உக்கடத்தைச் சேர்ந்த திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் ஒருவர் இறைமறுப்பைப் பேசியதற்காக இதே ஊரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆறுதலுக்கு ஒரு சாமி வேண்டும் என்பவர்கள், அந்தச் சாமி வேண்டாம் என்பவனின் உயிருக்கும் உத்தரவாதம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத மதத்தின் ஆறுதலை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் ஆசிரியை யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொள்ள முயன்று, ரத்தப்போக்கில் இறந்துபோனார். அடுத்த சில நாட்களில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி வகுப்பு என்று விளம்பரம் செய்த ஒருவரைக் கோவையில் கைது செய்தார்கள். இதில் எந்தக் கோயிலும் இல்லை, எந்தப் பூசாரியும் இல்லை. ‘இயற்கை’, ‘மரபு’ என்ற இரண்டு புதிய சாமிகள் மட்டும் இருந்தன. 2017இல் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வதந்தியைப் பரப்பியதும் ஊர்க் கோயில் திண்ணை அல்ல, கைபேசி. படித்த பெற்றோர்கள்தான் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்கள், எங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று. மாரியாத்தா பல வருடம் முன்பே ஊசிக்கு வழிவிட்டு விலகிவிட்டாள். அவள் விட்டுப்போன இடத்துக்கு வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிளேக் ஊசியைக் கண்டுபிடித்தவரின் கதை பட்டிமன்றத்தில் எந்தப் பக்கமும் சேராது. வால்டெமார் ஹாஃப்கின் ஒடெசாவில் பிறந்த யூதர். பம்பாயில் பிளேக் தடுப்பூசியைத் தயாரித்து 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார். 1902இல் பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் டெட்டனஸ் வந்து செத்தார்கள். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்து வேலை போனது. தவறு அவருடைய ஆய்வுக்கூடத்தில் நடக்கவில்லை, ஊரில் புட்டியைத் திறந்தபோது நடந்த அசுத்தம் என்று நிறுவ, ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் குரல் கொடுத்து, 1907 வரை போராட வேண்டியிருந்தது. லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசியைக் கொடுத்த இதே மனிதர் 1916இல் யூத வைதிகத்தை ஆதரித்து நீண்ட கட்டுரை எழுதினார். கடைசிக் காலத்தில் தன் சொத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத மதப் பள்ளிகளுக்கு அறக்கட்டளையாக வைத்தார். ஊசியைப் பின்னால் வைதிகத்தை ஆதரித்தவர் செய்தார், ஈரோட்டில் பிணத்தைப் பின்னால் நாத்திகரானவர் சுமந்தார். ஹாஃப்கினிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். தன் மதத்தை ஊசிப் புட்டிக்குள் அவர் கலக்கவில்லை. ஊசி தோற்றதாகச் சொல்லப்பட்டபோது தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்கவும் பார்க்கவில்லை. புட்டி, மூடி, நேரம், வெப்பம் என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டினார்.

மதம் தேவை என்பதற்கு இப்போதெல்லாம் படித்தவர்கள் சொல்லும் காரணம், அது மனிதர்களை ஒன்றுசேர்க்கிறது என்பது. கொங்கில் இதைச் சொல்கிறவர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இங்கே குலதெய்வக் கோயில்கள், கூட்டம் என்று சொல்லும் குலப்பிரிவு வாரியாகப் பிரிந்தவை. எந்தக் கூட்டம் எந்தக் கோயில் என்பது பெண் எடுக்கலாமா கூடாதா என்பதுவரை தீர்மானிக்கிறது. பனியன் பணமும் கோழிப்பண்ணைப் பணமும் லாரிப் பணமும் சேர்ந்து அந்தக் கோயில்களுக்கு இப்போது ராஜகோபுரம் எழுப்புகின்றன, குடமுழுக்குக்கு ஹெலிகாப்டரில் பூத்தூவுகிறார்கள். சேர்க்கிறது, சந்தேகமில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேரன்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறான். ஆனால் அந்தச் சேர்க்கைக்கு ஓர் எல்லைக்கல் உண்டு, அது எங்கே நடப்பட்டிருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மாரியம்மன் நோன்பு நடக்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டால் ராத்திரி முழுக்க அதைச் சுற்றி ஆட்டம். அடிக்கிற பறை ஒரு தெருவிலிருந்து வரும். அந்தத் தெருக்காரர்கள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரலாமா, பூவோடு எடுத்து உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டால், அடுத்த வாரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர்கள், எதிரே சேரியிலிருந்து படித்து வந்த பையன்கள் சிலர். நடுவில் காவல் ஆய்வாளர், கோயிலுக்கு யார் எப்போது வரி கொடுத்தார்கள் என்ற பழைய நோட்டுகள். பையன்களில் இன்ஜினியரிங் படித்தவனும் இருப்பான். ஊர்ப் பக்கத்திலும் அதே கல்லூரியில் படித்தவன் இருப்பான். சாமி இருக்கிறதா என்பதில் இருவருக்கும் பெரிய ஈடுபாடு இருக்காது. கையெழுத்துப் போட வேண்டிய தாளில், வழக்கப்படி திருவிழா நடத்திக்கொள்வது என்று ஒரு வரி இருக்கும். அந்த ‘வழக்கப்படி’யை அடிக்கச் சொல்லி அந்தப் பையன் பேனாவை மேசையில் வைப்பான். ஒத்துவரவில்லை என்றால் கோயில் கதவில் வருவாய்த் துறை சீல் வைக்கும். ஆத்தா உள்ளே, இரண்டு தரப்பும் வெளியே, அந்த வருடம் நோன்பு இல்லை.